இடைவெளி இல்லாமல் ஒட்டச் சொன்னேன்

கடற்கரைச்சாலை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் மஞ்சக்குப்பத்துக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் நடுவில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். கடற்கரைக்குப் பத்து நிமிட நடை. கீழ்த்தளம் மட்டும்தான். தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. சுவர் எழும்பி, கூரையாக மேல்தளம் போட்டு முடிந்தது ஏழு மாதத்தில். மீதிக் காலம் முழுவதையும் எடுத்துக்கொண்டவன் நான்.

தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அளவு பிசகினால் சரக்கைத் திருப்பி அனுப்புவது என் தொழில். அந்தக் கண்ணோடுதான் வீட்டுக்குள்ளும் நடந்தேன். கூடத்துக்கு இரண்டுக்கு நான்கு அடி அளவில் பளபளப்பான டைல்ஸ் வாங்கினேன். இரண்டு கல்லுக்கு நடுவில் கோடே தெரியக் கூடாது, ஒரே பாளமாகத் தெரிய வேண்டும் என்று சொல்லி ஒட்டவைத்தேன். ஒரு வரிசை மூன்று மில்லிமீட்டர் விலகியிருந்தது. பெயர்த்து மறுபடி ஒட்டச் சொன்னேன். அலமாரிக் கதவுகளை இரண்டு முறை மாற்றினேன். கிரகப்பிரவேசத்துக்கு மூன்று முறை நாள் குறித்து மூன்று முறையும் தள்ளிவைத்தேன்.

போன மே மாதம் ஒரு நாள் மதியம் கதவைத் திறந்தால் கூடத்தின் நடுவில் ஆறு கற்கள் கூரை போல எழும்பி நிற்கின்றன. ஒன்றை ஒன்று முட்டித் தூக்கியிருக்கின்றன. மீதியைத் தட்டிப் பார்த்தால் பாதிக்கு மேல் உள்ளே வெற்றிடம் இருப்பது போல ஓசை வருகிறது.

அம்மாவுக்கு 74 வயது. முதுநகரில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பதினேழு படி. முழங்கால் வலியோடு ஏறி இறங்குகிறார். அவருக்காகத்தான் இந்தக் கீழ்த்தள வீட்டையே தொடங்கினேன். எழும்பி நின்ற கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இந்த இரண்டு ஆண்டுகளில் நான் எதைக் கட்டினேன் என்ற கேள்வி வந்தது. வேலை சரியாக இருக்க வேண்டும் என்று நினைப்பது தவறா? எங்கே நிறுத்துவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

புலியூர் மேஸ்திரி எழுதியது:

சார், திருப்பாதிரிப்புலியூரில் முப்பது ஆண்டுகளாகக் கரணை பிடிக்கிறேன். உங்கள் கல் எழும்பியதற்குக் காரணம் நீங்கள் கேட்ட அந்தக் கோடில்லாத ஒட்டுதான்.

கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் இரண்டு மில்லிமீட்டராவது விட வேண்டும். அதற்கென்றே பிளாஸ்டிக் ஸ்பேசர் வைக்கிறோம். சுவரை ஒட்டிச் சுற்றிலும் இன்னும் கொஞ்சம் அதிகமாக விட வேண்டும். அது சுவரோரம் பட்டையாக ஒட்டும் ஸ்கர்ட்டிங் கல்லுக்கு அடியில் மறைந்துவிடும். வெயிலில் தரை விரியும், கீழே இருக்கிற கான்கிரீட் காய்ந்து சுருங்கும். கல்லுக்கு நகர இடம் வேண்டும். இல்லையென்றால் மேலே போவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. உங்கள் கூடத்துக்கு மேற்கு வெயில் வரும் என்று நினைக்கிறேன்.

ஒட்டியவர் இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியும் நீங்கள் கேட்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் பிடிவாதமாக நின்றால் நாங்கள் வாயை மூடிக்கொண்டு ஒட்டிவிட்டுப் போவது உண்டு, அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் ஒன்று. மூன்று மில்லிமீட்டர் விலகலைப் பெயர்க்கச் சொன்னதில் தவறில்லை. ரசமட்டத்தையும் தூக்குக்குண்டையும் சும்மாவா வைத்திருக்கிறோம்? "இது போதும்" என்று ஒருவன் சொல்லப் பழகிவிட்டால் அவன் கை எல்லா இடத்திலும் அப்படித்தான் போகும்.

நெல்லிக்குப்பம் எழுதியது:

தம்பி, நான் கட்டடப் பொறியாளர், ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. டைல்ஸ் கதையை மேஸ்திரி சரியாகச் சொல்லிவிட்டார். என் கவலை வேறு. நீங்கள் எழுதியதில் ஒரு வாக்கியம் என்னைத் தூங்கவிடவில்லை. "மேல்தளம் போட்டு முடிந்தது ஏழு மாதத்தில்." அந்த ஏழு மாதத்தில் நீங்கள் எத்தனை நாள் அங்கே நின்றீர்கள்? கம்பி கட்டும்போது இருந்தீர்களா? கான்கிரீட் போட்ட பிறகு எத்தனை நாள் தண்ணீர் கட்டினார்கள்?

நீங்கள் இருப்பது உப்புக்காற்று வீசும் இடம். கான்கிரீட்டின் வெளிப்பரப்புக்கும் உள்ளே இருக்கிற கம்பிக்கும் நடுவில் விடும் கனத்துக்குக் கவர் என்று பெயர். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை 456 அதற்குக் கணக்குச் சொல்கிறது. உள்நாட்டில், பாதிப்பில்லாத சூழலில் 20 மில்லிமீட்டர் போதும். கடலோரக் காற்று நேராகப் படும் இடத்தில் 45. அந்தக் கனம் குறைந்தால் உப்பும் ஈரமும் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்துவிடும். கடலோரத் தெருக்களில் அண்ணாந்து பார்த்தால் தெரியும், தளம் பெயர்ந்து பழுப்புக் கம்பி பல் இளித்துக்கொண்டிருக்கும்.

தண்ணீர் விடுவதும் அப்படியே. இப்போது வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் வாங்கும், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது 10 நாள் ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். மூன்று நாள் காலையில் குழாயைப் பிடித்துவிட்டுப் போவதற்குப் பெயர் நீராற்றுவது அல்ல.

அடுத்தது சன்ஷேடு. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற எதற்கும் பாரம் தாங்கும் கம்பி மேல்பக்கத்தில் இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அதன்மேல் மிதித்து நடப்பார்கள், கம்பி அமுங்கி அடிக்குப் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூசி, வெள்ளையடித்து அழகாக இருக்கும். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. அடுத்த சில நாட்கள் சேதம் பார்க்கப் போனேன். ஒரு வீட்டு வாசலில் முழுச் சன்ஷேடும் முகம் குப்புறக் கிடந்தது. கம்பி எல்லாம் அடிப்பக்கம். அந்த வீட்டு வாசற்கதவில் செதுக்கியிருந்த கஜலட்சுமியை இன்றைக்கும் மறக்கவில்லை. அவ்வளவு நுணுக்கமான வேலை.

ஒரு மனிதனுக்கு மேற்பார்வை பார்க்கும் நேரமும் பொறுமையும் ஓர் அளவுதான் உண்டு. அதை எங்கே செலவழித்தோம் என்பதுதான் கேள்வி. கவர் மீட்டர் என்று ஒரு கருவி இருக்கிறது. சுவரை உடைக்காமலேயே கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டிவிடும். தரைக்கல்லை மறுபடி ஒட்டும் முன்னால் ஒரு பொறியாளரை அழைத்துத் தளத்தையும் சன்ஷேடுகளையும் பாருங்கள்.

உப்பளம் தையல் எழுதியது:

அண்ணா, நான் புதுச்சேரியில் ரவிக்கை தைக்கிறேன். வீடு கட்டுவதைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் மேஸ்திரி அண்ணன் சொன்ன "நகர இடம்" என்ற சொல்லைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

புதிதாகத் தொழில் பழகும் பெண்கள் அளவைப் பிடித்துக் கச்சிதமாக வெட்டுவார்கள். போட்டுப் பார்த்தால் உடம்போடு ஒட்டியது போல இருக்கும், வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி. உள்ளே திருப்பிப் பார்த்தால் தையலுக்கு வெளியே கால் அங்குலம்கூடத் துணி இருக்காது. ஆறு மாதத்தில் உடம்பு கொஞ்சம் கூடும், அல்லது ஒரு பிள்ளை பெறுவார்கள். ரவிக்கை அவ்வளவுதான். பட்டுச் சேலையோடு வந்த துணி, வேறு வாங்கவும் முடியாது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அம்மா இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் உள்ளே விட்டு, பிரிப்பதற்கு வசதியாக மூன்று வரித் தையல் போடச் சொல்வார். நேர்த்தி என்றால் அவருக்கு அது. ஊசிவேலைப்பாட்டை அதற்குப் பிறகுதான் பார்ப்பார். அவர் 1990களில் தைத்துக் கொடுத்த ரவிக்கையை இப்போதும் என்னிடம் கொண்டுவந்து ஒரு வரி பிரிக்கச் சொல்கிற பெண்கள் இருக்கிறார்கள். பிரிக்கும்போது உள்ளே மடிந்திருந்த துணி புதுத்துணி நிறத்தில் இருக்கும், வெளியே வெளுத்திருக்கும். அந்த வேறுபாட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாவைக் கும்பிடத் தோன்றும்.

புலியூர் மேஸ்திரி எழுதியது:

பொறியாளர் ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஓர் இடத்தைத் தவிர. பொறுமை ஓர் அளவுதான் உண்டு, இங்கே செலவழித்தால் அங்கே குறையும் என்கிறார். என் அனுபவம் அப்படி இல்லை. பூச்சில் பார்டர் நேராக வர வேண்டும் என்று துடிக்கிற கொத்தனார்தான் கவர் குறையாமல் கம்பிக்கு அடியில் கொடுக்கும் கவர் பிளாக்கையும் மறக்காமல் வைப்பான். என்னிடம் வேலை பழகிய பையன்களில் முதல்நாள் கலவைத் தட்டைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போனவன் எவனும் நல்ல வேலைக்காரனாக வரவில்லை. கழுவாத தட்டினால் எந்த வீடும் இடிந்துவிடாது. ஆனாலும் அதில்தான் தெரியும்.

நெல்லிக்குப்பம் எழுதியது:

வேலை செய்கிறவருக்கு நீங்கள் சொல்வது முழுக்கப் பொருந்தும், மேஸ்திரி. கை பழகும். நான் பேசியது வேலை வாங்குகிறவரைப் பற்றி. அவர் கண் பட்டதை மட்டுமே பார்ப்பார். கடிந்துகொள்வதும் கண்ணுக்குத் தெரிந்ததற்காகத்தான். அவர் எதற்காகக் கடிந்துகொள்கிறாரோ அதற்குத்தான் ஆட்கள் பயப்படுவார்கள். கோட்டுக்குப் பயந்து கவரைக் கோட்டைவிட்ட வேலைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வைசியாள் வீதி எழுதியது:

பேச்சு நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. எங்கள் ஊரான புதுச்சேரியில் ஒரு கட்டடம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இந்த இழையைக் கடந்துபோக முடியவில்லை.

அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி. செக் நாட்டில் பிறந்து டோக்கியோவில் தொழில் செய்துகொண்டிருந்த ஆன்டனின் ரேமண்ட் வரைந்தது. அவருடைய அலுவலகத்திலிருந்து ஜார்ஜ் நகாஷிமாவும், பிரான்டிசெக் ஸம்மரும் இங்கேயே தங்கி வேலை பார்த்தார்கள். 1937இல் தொடங்கியது, முழுவதும் முடிய 1940களின் நடுப்பகுதி ஆகிவிட்டது. முதலில் ஓர் அறையை மட்டும் முழு அளவில் மாதிரியாகக் கட்டிப் பார்த்தார்கள். பக்தர்கள் கொடுத்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கதவுக்கான பொருத்துகளை வார்த்தார்கள். இந்தியாவில் வலுவூட்டிய கான்கிரீட்டில் எழுந்த முதல் நவீனக் கட்டடங்களில் ஒன்று அது. கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

அனுமதி வாங்கி ஒருமுறை உள்ளே போயிருக்கிறேன். சித்திரை மாதம். வெளிச்சுவர் என்று ஒன்று இல்லை. இரண்டு முகப்பிலும் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சாய்க்கக்கூடிய கிடைப்பலகைகள்தான். கைப்பிடியைத் திருப்பினால் ஒரு வரிசை மொத்தமாக எழும்பும், படியும். உள்ளே அறைக்குத் தேக்கில் தள்ளுகதவு, அதிலும் காற்று புகும் சட்டங்கள். கூரைக்கு மேல் இன்னொரு கூரை, நடுவில் காற்று. அறையில் ஒருவர் படுக்கக் கட்டில், எழுத மேசை, துணி வைக்க இடம். சுவரில் ஒரு பூ வேலைப்பாடுகூடக் கிடையாது. மின்விசிறி போடத் தோன்றவில்லை. நான் அங்கே நின்ற அரைமணி நேரத்தில் கேட்டது, தோட்டத்தில் யாரோ இலை கூட்டுகிற சத்தம் மட்டும்.

இத்தனை ஆண்டுகள் அவர்கள் மெனக்கெட்டது எதற்காக என்று அங்கே நின்றால் புரிகிறது. காற்றுக்காக, நிழலுக்காக, தனிமைக்காக. முழுமையாக வேண்டும் என்ற பிடிவாதமும் இருந்தது, எது தேவை என்ற தெளிவும் இருந்தது. இரண்டும் சேர்ந்திருந்ததால்தான் அந்தக் காலம் வீணாகவில்லை. ஆனால் ஒன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்: அந்தக் கட்டடம் முடிவதற்காகப் பதினேழு படிக்கு மேலே எவருடைய அம்மாவும் காத்திருக்கவில்லை.

நகாஷிமா பிறகு அமெரிக்காவில் மரச்சாமான் செய்கிறவராகப் பெயர் பெற்றார். அவர் செய்த மேசைகளில் பலகையின் வெடிப்பை மறைக்க மாட்டார். வெடிப்பு மேலும் ஓடாமல் இருக்க, குறுக்கே பட்டாம்பூச்சி வடிவில் ஒரு மரக்கட்டையைப் பதித்துப் பூட்டுவார். மரத்தின் ஓரத்தையும் அது வளர்ந்த வளைவிலேயே விட்டுவிடுவார். கோல்கொண்டில் அவ்வளவு கறாராக வேலை செய்த அதே மனிதர் செய்தது இது. எனக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை.

முதுநகர் எழுதியது:

எல்லாம் படித்தேன். ஒரே கேள்வி. அந்த வீட்டில் உங்கள் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டீர்களா?

கடற்கரைச்சாலை எழுதியது:

இல்லை. இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. டைல்ஸ் நிறம் பிடித்திருக்கிறதா என்று படம் காட்டியிருக்கிறேன், "உனக்குப் பிடித்ததைப் போடு" என்பார்.

நேற்று இரவு சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மூன்று சொன்னார். வாசலில் உட்கார ஒரு திண்ணை, தெருவில் போகிறவர்களோடு நாலு வார்த்தை பேசுவதற்கு. குளியலறையில் எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, தண்ணீர் தேங்காத வாட்டம். பிறகு, தரை வழுக்காமல் இருக்க வேண்டும். "அந்தப் பளபளப்பைப் பார்த்தாலே எனக்குக் கால் கூசுகிறது" என்றார். இதை அவர் முன்பே சொல்லியிருக்கலாமே என்று ஒரு நொடி கோபம் வந்தது. சொல்வதற்கு நான் இடம் கொடுக்கவில்லை என்பது அடுத்த நொடியில் உறைத்தது.

ஐயா, கம்பி கட்டியபோது நான் இரண்டு நாள்தான் போனேன். தண்ணீர் எத்தனை நாள் விட்டார்கள் என்று தெரியாது. கருவியோடு ஒரு பொறியாளரை வரச் சொல்லியிருக்கிறேன்.

தேவனாம்பட்டினம் எழுதியது:

அண்ணன் வீட்டுப் பக்கம்தான் நானும். எங்கள் தாத்தா கட்டுமரத்தில் போனவர். சிறுவயதில் நான் அதில் ஏறி முதல்முறை கடலுக்குள் போனபோது அழுதுவிட்டேன். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவிலிருந்து தண்ணீர் மேலே வருகிறது, உட்கார்ந்த இடமெல்லாம் ஈரம். ஓட்டை மரத்தில் கூட்டிவந்துவிட்டார் என்று நினைத்தேன். தாத்தா துடுப்பை நிறுத்தாமல் சொன்னார்: "வந்த தண்ணீர் வந்த வழியே போய்விடும், நீ மரத்தைப் பிடித்துக்கொள்."

அதில் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கும் வேலையே கிடையாது. அதனால் நிரம்பி மூழ்கும் பயமும் கிடையாது. ஆணி இல்லை, கயிற்றுக் கட்டுத்தான். அலையில் மரங்கள் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரத்தைத் தனித்தனியாக வெயிலில் போடுவார்கள், ஊறிக் கனத்துப்போகக் கூடாது என்று. ஆனால் கட்டுப் போடும்போது தாத்தா பக்கத்தில் யாரும் பேசக் கூடாது. ஒவ்வொரு சுற்றையும் காலால் உதைத்து இறுக்குவார். முடிச்சில் திருப்தி இல்லை என்றால், மற்றவர்கள் மரத்தைத் தள்ளிவிட்டுப் போன பிறகும் அவர் கரையில் உட்கார்ந்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருப்பார். மற்றபடி அவருடைய மரத்தில் ஒழுங்காகச் சீவிய ஒரு பக்கத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரை முழுவதும் ஃபைபர் படகுதான். நானும் அதில்தான் போகிறேன். நல்ல படகுதான், குறை சொல்லவில்லை. தாத்தாவின் கயிறு மட்டும் வீட்டில் இருக்கிறது.

குறிஞ்சிப்பாடி எழுதியது:

வடலூர் எங்களுக்குப் பக்கம். வள்ளலார் 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி வைத்தபோது ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. ஞானசபை கட்டி முடிந்தது அதற்குப் பிறகு, 1872இல். நான் இதை எப்போதும் இந்த வரிசையில்தான் நினைத்துக்கொள்வேன். எண்கோண வடிவம், ஏழு திரை, ஒவ்வொன்றுக்கும் பொருள் என்று அவ்வளவு யோசித்துக் கட்டிய சபை அது. அதற்கு முன்னால் ஐந்து ஆண்டுகளாகச் சோறு வெந்துகொண்டிருந்தது.

என் அத்தை அங்கே காய் நறுக்கப் போவார். ஒரே அளவாக நறுக்க வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. கல், மண் இல்லாமல் அரிசி களைய வேண்டும் என்பதில் மட்டும் ஒருவரும் விட்டுக்கொடுக்க மாட்டார்களாம்.

அண்ணா, திண்ணையை முதலில் கட்டுங்கள்.

கடற்கரைச்சாலை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

பொறியாளர் வந்து பார்த்தார். மேல்தளத்தில் பெரும்பாலான இடங்களில் கவர் 25, 30 என்று காட்டியது. அடிப்பக்கம் நேராகக் காற்று படாமல் பூச்சுக்குள் இருப்பதால் இப்போதைக்கு ஆபத்தில்லை, பூச்சில் விரிசல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். கைப்பிடிச் சுவர் ஓரத்தில் இரண்டு இடங்களில் 10 மில்லிமீட்டர்தான். அங்கே உடைத்து, கம்பியைத் தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, புதிதாகக் கட்ட வேண்டும்.

சன்ஷேடுகள் ஆறு. நான்கு சரியாக இருந்தன. பின்பக்க ஜன்னலுக்கு மேலே ஒன்றிலும், வாசலுக்கு மேலே இருப்பதிலும் கம்பி அடியில் கிடக்கிறது. வாசலுக்கு மேலே இருப்பது மூன்றடி நீளம் வெளியே வருகிறது. அதற்குக் கீழேதான் திண்ணைக்கு இடம் குறித்திருந்தேன். அதன் விளிம்பில் நான் போட்ட வளைவு வேலைப்பாட்டுக்காக ஒரு வாரம் ஆட்களோடு சண்டை போட்டிருக்கிறேன்.

இரண்டையும் உடைத்துவிட்டோம். வாசலில் கான்கிரீட்டைத் தட்டியபோது நானும் பக்கத்திலேயே நின்றேன். கருவி சொன்னது உண்மைதான்; கம்பிகள் எல்லாம் பலகை மேலேயே படுத்திருந்திருக்கின்றன, கீழே ஒரு விரல்கூட நுழையாத கனம். ஒரு கம்பியின் மேல் செருப்பின் அச்சு அப்படியே கான்கிரீட்டில் பதிந்திருந்தது. அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

புதுக் கம்பியைச் சுவருக்குள் துளையிட்டு ரசாயனப் பசையில் நட்டு, மேல்பக்கம் நிற்கும்படி தாங்கிக் கம்பி கொடுத்துக் கட்டினார்கள். கான்கிரீட் போட்ட அன்று புலியூர் மேஸ்திரியே வந்திருந்தார், அழைக்காமலேயே. கம்பி மேல் யாரும் மிதிக்கக் கூடாது என்று குறுக்கே பலகை போட்டு, அதிலிருந்துகொண்டே ஊற்றச் சொன்னார். பொறியாளர் 14 நாள் முட்டு எடுக்கக் கூடாது என்றிருக்கிறார். விளிம்பில் வேலைப்பாடு எதுவும் இல்லை; தண்ணீர் சுவருக்கு ஓடாமல் சொட்டுவதற்கு அடியில் ஒரு வரிப்பள்ளம் மட்டும்.

கூடத்துக்குச் சொரசொரப்பான கல் வாங்கியாகிவிட்டது. இரண்டு மில்லிமீட்டர் விட்டு ஒட்டப்போகிறார்கள். கோடு நேராக வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், மேஸ்திரி, அதை நான் விடவில்லை. பழைய அலமாரிக் கதவுகள் அப்படியே இருக்கட்டும்.

குளியலறைப் பிடிகம்பியை எந்த உயரத்தில் வைப்பது என்று அம்மாவை அழைத்துவந்து, உட்காரவைத்து, எழுந்திருக்கச் சொல்லி, அவர் கை போன இடத்தில் பென்சிலால் குறித்தேன். நான் நினைத்ததைவிட அரை அடி கீழே இருந்தது. தை பிறந்ததும் பால் காய்ச்சுகிறோம். ஸ்கர்ட்டிங் வேலை அதற்குள் முடியாது, முடியாமலேயே போகிறோம்.

இன்று ஒன்பதாவது நாள். மேலே போட்ட சாக்குகள் இந்நேரம் காய்ந்திருக்கும். நனைத்துவிட்டு வருகிறேன்.